கடலை ஆகாத அணில்
வாசகர் கேள்வி – பதில்: குழந்தைகளும் உணவு அலர்ஜியும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து. ஒரு குழந்தைநல மருத்துவரும் ஒரு கதைசொல்லியும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகளுக்கு நாலு வயது. வேர்க்கடலை அலர்ஜி என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். ஜூனில் எல்.கே.ஜி. போகிறாள். "கடலை தின்னா செத்துப் போயிடுவே" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இட்லியைக் கொடுத்தால்கூட "இதுல கடலை இருக்கா, செத்துருவேனா?" என்று அழுகிறாள். பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – அல்சூர் வாசகி

அந்த வாக்கியத்தை இனி யாரும் சொல்லக்கூடாது என்று முதலில் வீட்டில் ஒரு முடிவுக்கு வாருங்கள். நாலு வயதில் சாவு என்றால் என்னவென்று புரியாது. பெரியவர்கள் முகத்தில் தெரியும் பயம் மட்டும் புரியும். பயந்த குழந்தை சாப்பாட்டைத் தள்ளும், இல்லையென்றால் வாய் அரிக்கும்போது திட்டு விழுமே என்று மறைக்கும். மறைப்பதுதான் ஆபத்து. ஆகவே கதை, அவளை வாய் திறந்து சொல்ல வைக்க வேண்டும். கதைக்கு வேறு வேலை எதுவும் வேண்டாம்.

ஏன் தனக்கு மட்டும் இப்படி என்று கேட்பாள். அதற்கு உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் போதும். "உன் உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் மாமா இருக்கார். கிருமி வந்தா விசில் அடிச்சு விரட்டுவார். ரொம்ப நல்லவர். ஆனா அவர் நோட்டுல யாரோ தப்பா எழுதிட்டாங்க. கடலையைப் பார்த்தா திருடன்னு நினைச்சுப் பெரிசா விசில் அடிக்கிறார். அந்தச் சத்தத்துலதான் உனக்குத் தடிப்பு வருது, வாந்தி வருது." மருத்துவப்படியும் இது பெரிய பொய் இல்லை. நோட்டில் எழுதிய பதிவுதான் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள், விசில் என்பது ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள். இதில் முக்கியமான விஷயம், கடலையும் கெட்டதில்லை, குழந்தையும் தப்புச் செய்யவில்லை. கடலைக்குக் கொம்பும் பல்லும் வரைந்து அரக்கனாக்கும் கதைகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பக்கத்து இருக்கைப் பையன் அந்த அரக்கனைத் தினமும் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து சாப்பிடுவானே, அவனை இவள் என்னவென்று நினைப்பாள்?

இனி பொம்மை. ஒற்றையாகிப்போன ஒரு பழைய சாக்ஸை எடுங்கள். இரண்டு பட்டன் கண், கறுப்பு ஸ்கெட்ச்சால் முதுகில் மூன்று கோடு: அணில். எல்லா அணிலும் கடலை தின்னும், இந்த அணிலுக்கு மட்டும் ஆகாது. "நான் மட்டும் ஏன்?" என்று உங்கள் மகள் நினைப்பதை அணில் முதலில் சொல்லிவிடும். அணிலுக்கு மூன்றே விதி: நில்லு, கேளு, சொல்லு. யாராவது தின்னக் கொடுத்தால் நில்லு. அம்மாவையோ மிஸ்ஸையோ கேளு. வாயோ வயிறோ ஏதோ மாதிரி இருந்தால் உடனே சொல்லு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வையுங்கள்: உள்ளங்கையைக் காட்டுவது, காதைத் தொடுவது, வாய்க்குப் பக்கத்தில் கை குவிப்பது. சொல் மறந்தாலும் கை மறக்காது.

கதை 8 நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். நடுவில் மூன்று இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் அணில் தப்புச் செய்யப் போக வேண்டும், குழந்தை தடுக்க வேண்டும். இப்படி:

"தவளைக்குப் பர்த்டே. ஒரு லட்டு நீட்டுது. அணிலுக்கு நாக்குல எச்சில் ஊறுது. 'ஒரே ஒரு கடிதானே'ன்னு வாயைத் திறக்குது…"

இங்கே நிறுத்திவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெற்றோர் தவறுவது இந்த இடத்தில்தான், மூன்று எண்ணுவதற்குள் "கேக்கணும்ல?" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். காத்திருந்தால் குழந்தை "ஏய், நில்லு!" என்று சாக்ஸைப் பிடித்து இழுக்கும். அப்போது அணில் வாதாடட்டும்: "தவளை என் ஃப்ரெண்டு ஆச்சே, கோவிச்சுக்குமே?" இதற்கு உங்கள் மகள் என்ன பதில் சொல்கிறாளோ, அதுதான் ஜூனில் அவள் வகுப்பில் சொல்லப் போகும் பதில்.

ஒரே கதையை ஐந்து நாள் சொல்லுங்கள். தவளைக்குப் பதில் பஸ் ஆயா, மாடி வீட்டு ஆன்ட்டி, அத்தை என்று கொடுக்கும் ஆளை மட்டும் மாற்றுங்கள். தெரியாதவர் கொடுத்தால் வேண்டாம் என்பது குழந்தைக்குச் சுலபம், அத்தை கொடுத்தால்தான் கஷ்டம். கதை ஆஸ்பத்திரியில் முடிய வேண்டாம். சரியாகச் சொன்னதற்குத் தின்பண்டம் பரிசும் வேண்டாம். நிஜ வேர்க்கடலையை எக்காரணம் கொண்டும் விளையாட்டுப் பொருளாக வைக்காதீர்கள், படம் போதும். பொம்மை பிடிக்கக் கடையில் விற்கும் களிமண் மாவுகள் சிலவற்றில் கோதுமை உண்டு. கோதுமை ஆகாத குழந்தையின் வீட்டில் அதையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாலு வயதுக் குழந்தை எவ்வளவு நன்றாக நடித்துக் காட்டினாலும் பாதுகாப்புப் பொறுப்பு பெரியவர்களுடையதே. கதையை நம்பிப் பள்ளிக்கு எழுத்தில் தகவல் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கள் காலத்தில் அலர்ஜி என்ற பேச்சே இல்லை. கடலை ஆகாத பேரனுக்கு அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடாதா? முன்கூட்டியே கொடுத்தால் நல்லது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்கிறதாமே? – ஜெயநகர் தாத்தா

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அது வேறு குழந்தைகளைப் பற்றியது. 2015-ல் வெளியான லீப் (LEAP) என்ற ஆய்வு, அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள, ஆனால் இன்னும் கடலை அலர்ஜி வராத கைக்குழந்தைகளிடம் நடந்தது. 4 முதல் 11 மாத வயதிலேயே கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் அலர்ஜி மிகக் குறைவாக இருந்தது. உங்கள் பேரனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வந்தபின் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதில் மில்லிகிராம் கணக்கில் அளந்து, டாக்டர் முன்னிலையில் கொடுத்து, மணிக்கணக்கில் உட்காரவைத்துக் கவனிப்பார்கள். வீட்டில் "ஒரு பருப்பு" என்று கொடுப்பது அளவே தெரியாத மருந்து கொடுப்பது மாதிரி. போன தடவை தடிப்போடு நின்றது என்பதால் இந்தத் தடவையும் அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

கதையில் உங்களுக்கென்றே ஒரு வேடம் இருக்கிறது. ஆசை காட்டும் பெரியவர் நீங்கள்தான். "தாத்தா ஆசையா வாங்கிட்டு வந்தேன்டா கண்ணு, ஒரு வாய் தின்னு" என்று உருகிக் கெஞ்சுங்கள். பேரன் கையை நீட்டி "நில்லு! அம்மாவைக் கேட்டுட்டுதான்" என்றதும், "பலே! தாத்தாவுக்கே வேண்டாம்னு சொல்லிட்டியே" என்று கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மறுப்பு சொல்வது மரியாதைக்குறைவு என்றுதான் நம் வீடுகளில் வளர்க்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் அதற்கு விலக்கு உண்டு என்று தாத்தா வாயாலேயே கேட்டால்தான் குழந்தை நம்பும்.

ஆறு வயது மகனிடம் "கடலை ஆகாது" என்று சொல்லி வைத்திருக்கிறோம். நவராத்திரியில் கொண்டைக்கடலைச் சுண்டலைப் பார்த்து ஓடினான். அதே பையன் நண்பன் வீட்டில் ஷேங்கா சட்னிப்பொடி தொட்டு ரொட்டி சாப்பிட்டு உதடு வீங்கி வந்தான். சங்கராந்திக்கு எள்ளு பெல்லா வேறு வரும். என்ன செய்வது? – விஜயநகர் வாசகர்

பையன் மேல் தப்பே இல்லை, குழப்பம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாமே கடலை. கன்னடத்தில் வேர்க்கடலை கடலெகாயி, கொண்டைக்கடலை கடலெகாளு, கடலைப்பருப்பு கடலெபேளெ, பொட்டுக்கடலை ஹுரிகடலெ. வட கர்நாடகக்காரர் வீட்டில் அதே வேர்க்கடலை ஷேங்கா ஆகிவிடும். 'கடலை' என்ற ஒலியே கிடையாது. இந்தி பேசும் வீட்டில் மூங்ஃபலி. "கடலை ஆகாது" என்று மட்டும் கற்ற குழந்தை, ஆகிற சுண்டலைத் தள்ளி ஆகாத ஷேங்காவைத் தின்னத்தான் செய்யும்.

சீட்டு விளையாட்டு ஒன்று செய்யுங்கள். தடித்த சார்ட் அட்டையில் சீட்டுக்கட்டு அளவுக்கு 16 துண்டு. நாலு சீட்டில் வேர்க்கடலை: ஓட்டோடு, தோலோடு, உடைத்தது, பொடித்தது. இன்னொரு நாலில் அது ஒளிந்திருக்கும் பண்டங்கள்: சிக்கி, சித்ரான்னம், காங்கிரஸ் கடலெகாயி, சட்னிப்பொடி. எட்டில் மற்ற கடலைகளும் அவற்றின் பண்டங்களும். வேர்க்கடலையின் நான்கு பெயர்களையும் (வேர்க்கடலை, கடலெகாயி, ஷேங்கா, மூங்ஃபலி) தனித்தனிச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கதை இதுதான்: ஒரு மாறுவேடக்காரன் தெருத்தெருவாகப் பெயர் மாற்றிக்கொண்டு திரிகிறான், உங்கள் மகன்தான் துப்பறியும் போலீஸ். பெயரைச் சொன்னதும் சரியான படத்தை அள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு பெயர் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் எல்லாமே சந்தேகக் கேஸாகிவிடும். சுண்டலைக் கண்டு ஓடுவது அந்தக் குழப்பம்தான். கொண்டைக்கடலைக்கும் சிலருக்கு அலர்ஜி உண்டு. அவனுக்கு எது ஆகும் என்ற பட்டியலை டாக்டரிடம் கேட்டுவிட்டே சீட்டைப் பிரியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு தகவல்: சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு. மரச்செக்கு எண்ணெயில் அப்படியில்லை, புரதம் தங்கியிருக்கும். ஊரிலிருந்து ஆசையாய் வரும் டின்னைக் கவனியுங்கள்.

ஓட்டலில் "கடலெகாயி இதெயா?" (வேர்க்கடலை இருக்கா?) என்று கேட்டால், அவசரத்தில் "இல்லா" என்று பதில் வந்துவிடும். "சட்னிகே ஏனு ஹாகித்தீரா?" (சட்னிக்கு என்ன போட்டிருக்கீங்க?) என்று கேட்கப் பழக்குங்கள், என்னென்ன போட்டிருக்கிறது என்று அவர் யோசித்தாக வேண்டும். வெள்ளைச் சட்னியில் தேங்காயோடு பொட்டுக்கடலை இருக்கலாம், வேர்க்கடலையும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அணிலை மேஜைமேல் வைத்து, நீங்கள் சர்வராக நின்று நடித்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாளில் வரி வாயில் வந்துவிடும்.

எள்ளு பெல்லாவில் எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் ஒரே கலவை. பொறுக்கி எடுத்துத் தின்னும் யோசனை வேண்டாம், தூள் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அதே நேரம், வாசலுக்கு வந்த அன்பை மறுப்பதும் நன்றாக இருக்காது. அதற்கு ஒரு 'தேங்க்ஸ் டப்பா': பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பிரிக்காமல் டப்பாவில் போட வேண்டும். அம்மா அதற்கு மாற்றாக அவனுக்கு ஆகிற இனிப்பு தருவாள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே பக்கத்து வீட்டுக்காரர்களாக நடித்து நாலைந்து தடவை ஒத்திகை பாருங்கள். பசவனகுடி கடலெகாயி பரிஷெ என்ற வேர்க்கடலைத் திருவிழாவுக்கு (கார்த்திகை மாதக் கடைசித் திங்கள்) போவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாசனையால் மட்டும் கடுமையான அலர்ஜி வருவது அரிது. ஆனால் தெரு முழுக்கக் கடலைத் தோலும் தூசுமாக, தொட்ட கை வாய்க்குப் போகிற இடம் அது. நிலக்கடலைப் பயிரை மேய்ந்த காளையின் கதையை வீட்டிலேயே சொல்லிவிடுவது எங்கள் கட்சி.

ஞாயிறுதோறும் 12 குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒருத்திக்குப் பால், ஒருவனுக்கு முட்டை ஆகாது. ஒரு பையன் வேண்டுமென்றே பால்கோவாவை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். வகுப்பு முழுவதற்குமாக ஒரு கதை சொல்ல முடியுமா? – கம்மனஹள்ளி ஆசிரியை

முடியும், அந்த இரண்டு பேரையும் சுட்டாமல் சொல்லுங்கள். பாலும் முட்டையும் கதையில் வரவே வேண்டாம். 'டும்டும் பழம்' என்று இல்லாத ஒரு பழத்தை உண்டாக்குங்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு டும்டும் ஆகாது என்று வாரம் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டிய பையனுக்கும் ஒரு வாரம் சீட்டு விழும். அந்த வாரம் அவன் அனுபவிப்பது, நீங்கள் ஒரு மணிநேரம் சொல்லும் புத்திமதிக்கு மேல்.

வில்லுப்பாட்டு பாணி இதற்குப் பொருத்தம். வில் இல்லாவிட்டால் டிபன் மூடியும் ஸ்பூனும் போதும். நீங்கள் ஒரு வரி, பின்பாட்டு "ஆமா!"

தட்டு ஒண்ணு வந்ததாம் – ஆமா!
தட்டு மேல பழமாம் – ஆமா!
கமகமன்னு மணமாம் – ஆமா!
கேக்காமலே தின்னானாம் – இல்லே! நின்னான், கேட்டான், சொன்னான்!

முதல் வாரம் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் கடைசி வரிக்கும் "ஆமா" போட்டுவிடுவார்கள், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். எதிர்பாராத வரிசையில் அந்த வரியைச் செருகுவது உங்கள் சாமர்த்தியம். மற்றக் குழந்தைகளுக்கு மூன்று வேலை: டிபன் மாற்றிக்கொள்வதில்லை, சாப்பிட்டதும் சோப்பில் கை கழுவுவது, யாருக்காவது முகம் மாறினால் பெரியவரைக் கூப்பிடுவது. கூப்பிட ஒருவர் ஓடும்போது இன்னொருவர் அந்தக் குழந்தையோடு இருக்க வேண்டும் என்பதையும் நடித்துப் பாருங்கள்.

ஆட்டிய சம்பவத்தைக் கதையோடு விடாதீர்கள், அவன் வீட்டில் பேசுங்கள். அலர்ஜி உள்ள குழந்தையிடம் அந்தப் பண்டத்தைக் காட்டி மிரட்டுவது குறும்பில் சேராது.

எட்டு வயது மகளுக்கு முந்திரி ஆகாது. ஏதாவது ஆனால் அவளுக்குச் சொல்லத் தெரியுமா என்று கவலை. பையில் செட்ரிசின் சிரப் வைத்திருக்கிறோம். போதுமா? – ஒயிட்ஃபீல்டு வாசகி

போதாது. செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுத்திணறலையும் ரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. கடுமையான அலர்ஜிக்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போடும் ஊசி. பேனா மாதிரியான தானியங்கி ஊசி நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் டாக்டர்கள் சிலர் 1 மில்லி ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லி சிரிஞ்சும் எழுதிக் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளின் அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி, டப்பாவின் மூடிக்குள் ஒட்டுங்கள். காலாவதியான ஆம்பூலையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்து வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் உடைத்து, இழுத்து, குத்திப் பாருங்கள். முதல் தடவை கை நடுங்கும். அந்த நடுக்கம் ஆரஞ்சோடு போகட்டும். மருந்து நிறம் மாறியிருந்தால் தூக்கி எறியுங்கள், காருக்குள் வைக்காதீர்கள்.

தோலில் தடிப்போடு வாந்தியோ இருமலோ சேர்ந்தாலும், மூச்சு மட்டுமே இழுத்தாலும், தயங்காமல் ஊசி; உடனே 108 அல்லது 112. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத்திணறினால் உட்காரவையுங்கள், வாந்தியென்றால் ஒருக்களித்து. ஆட்டோவுக்கு நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். எழுந்து நிற்பதாலேயே ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். ஐந்து நிமிஷத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

இனி அவள் சொல்வது. குழந்தைகள் "அலர்ஜி ஆயிடுச்சு" என்று சொல்வதில்லை. "நாக்குல முடி இருக்கு", "தொண்டைல ஏதோ மாட்டிக்கிச்சு", "காதுக்குள்ள அரிக்குது", "உதடு பெரிசா இருக்கு", "என்னமோ பயமா இருக்கு" என்பார்கள். அவளைச் சார்ட் பேப்பரில் படுக்கவைத்து உடம்பைச் சுற்றிக் கோடு வரையுங்கள். வாட்ச்மேன் விசில் அடித்தால் எங்கெங்கே கேட்கும் என்று அவளே ஸ்டிக்கர் ஒட்டட்டும். நாக்கு, தொண்டை, மார்பு, வயிறு, தோல் ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு வாக்கியம் கண்டுபிடித்து எழுதட்டும். அந்த வாக்கியங்களை அப்படியே நகலெடுத்து வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். "தொண்டைல தவளை" என்பது உங்கள் வீட்டுச் சங்கேதமாக இருந்தால் டீச்சருக்கும் தெரிய வேண்டுமே.

இன்னொன்றைக் கட்டாயம் ஒத்திகை பாருங்கள்: வயிற்றைப் புரட்டினால் தனியாக பாத்ரூம் போகக்கூடாது. எட்டு வயதுப் பெண் வெட்கப்பட்டு முதலில் ஓடுவது அங்கேதான், அங்கே மயங்கினால் யாருக்கும் தெரியாது. கதையில் அணிலையும் ஒரு தடவை பாத்ரூமுக்கு ஓடவிடுங்கள், அவள் வழிமறிக்கட்டும்.

மகனுக்கு லேபில் 40 பொருளுக்கு அலர்ஜி ரத்தப் பரிசோதனை செய்தோம். கத்திரிக்காய், அரிசி, உளுந்து எல்லாம் பாசிட்டிவ். எதையும் சாப்பிட்டு இவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. நிறுத்திவிட வேண்டுமா? – பானஸ்வாடி வாசகர்

வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதும் அலர்ஜி இருப்பதும் ஒன்றல்ல. பெங்களூரு, மைசூரு பகுதியில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 26 சதவீதத்துக்கு மேல். அலர்ஜி இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்களோ 1.2 சதவீதம்தான். தின்றால் ஒன்றும் ஆகாத உணவைத் தாளைப் பார்த்து நிறுத்தினால் குழந்தை மெலிவதுதான் மிச்சம். அலர்ஜி டாக்டரிடம் தாளோடு போங்கள்.

ஒன்பது வயதுக்காரனுக்கு எள் ஆகாது. பாக்கெட் படிக்கக் கற்றுத்தரலாமா? – இந்திராநகர் வாசகி

இதுதான் வயது. மளிகை வந்ததும் ஐந்து பாக்கெட்டைப் பரப்பி, அலர்ஜிப் பொருள்களைச் சொல்லும் 'கன்டெய்ன்ஸ்' (Contains) என்ற வரியை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். ஆனால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதிகளில் உள்ள அலர்ஜிப் பட்டியலில் கோதுமை போன்ற குளூட்டன் தானியம், நண்டு–இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி–பாதாம் வகை, சோயா, சல்ஃபைட் உண்டு. எள் இல்லை, கடுகும் இல்லை. உங்கள் மகன் அந்த வரியோடு நிற்காமல் பொருள் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படிக்க வேண்டும். 'செசமி', 'தில்', 'தஹினி' என்று எந்தப் பெயரிலும் வரலாம். போன மாதம் பார்த்த அதே பிஸ்கட்டையும் மறுபடி படிக்கட்டும், தயாரிப்பு மாறியிருக்கலாம்.

கடலை தின்ற கைக்குச் சானிடைசர் போட்டால் போதும் என்கிறார்கள் பள்ளியில். சரியா? – எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

சரியில்லை. சானிடைசர் கிருமியைக் கொல்லும். கடலையின் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. சோப்பும் தண்ணீரும் எடுக்கும், ஈரத் துடைப்புத் தாளும் பரவாயில்லை. குழந்தைகளுக்குச் சொல்வதைவிடக் காட்டுவது மேல். கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை காபித்தூள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் சானிடைசர், தூள் இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு சோப்பு போட்டு இருபது எண்ணும்வரை தேய்த்துக் கழுவட்டும். அப்போதும் நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதற்கு வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு பழைய டூத்பிரஷ் வையுங்கள்.